கொடிவழி தேடப் புறப்படுமுன் சர்வே எண்ணைத் தேடுங்கள்

நம் ஊர்க் கணக்குகளில் ஆளை எழுதியது குறைவு, நிலத்தை எழுதியதுதான் அதிகம். தாத்தாவின் தாத்தா எப்போது பிறந்தார் என்று எந்தப் பதிவேடும் சொல்லாது. அவர் எந்த வயலுக்குத் தீர்வை கட்டினார், அதை யாருக்கு எழுதி வைத்தார் என்பது மட்டும் பெரும்பாலும் ஏதாவது ஒரு பதிவறையில் கிடக்கும். தமிழ்நாட்டுக் கிராமக் குடும்பத்தின் கொடிவழியை மூன்று நான்கு தலைமுறைக்குக் பின்னோக்கிக் கொண்டுபோக நினைத்தால் பெயரைப் பிடித்துக்கொண்டு அலையாதீர்கள், நிலத்தைப் பிடியுங்கள்.

அதற்கும் முன்னால் வீட்டுப் பரணைப் பாருங்கள். பழைய பத்திரம், கிஸ்தி ரசீது, ஜாதகம், கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, மொய் நோட்டு எல்லாம் வேண்டும். மொய் நோட்டை யாரும் ஆவணமாக நினைப்பதில்லை. ஆனால் பெண் கொடுத்த ஊர், எடுத்த ஊர், பங்காளிகள் எல்லாரும் ஊர்ப் பெயரோடு வரிசையாக நிற்பது அதில்தான். குலதெய்வக் கோவிலில் தலைக்கட்டு வரி வாங்குகிறவரிடம் பழைய வரி நோட்டு இருக்கிறதா என்றும் கேளுங்கள். எந்த வகையறாவில் எத்தனை தலைக்கட்டு என்று அதில் இருக்கும்.

இனி நிலம். குடும்பத்தின் கையில் இன்று இருக்கும், அல்லது கடைசியாக விற்றுப்போன ஒரு நிலத்தின் சர்வே எண்ணும் உட்பிரிவு எண்ணும் தெரிந்தால் போதும். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் (அந்த நிலத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்) போட்டால் பெரும்பாலான அலுவலகங்களுக்கு 1975 முதல் விவரம் வரும். அதற்கு முந்தைய காலத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் தனியாக மனுக் கொடுத்துக் கையால் தேட வைக்க வேண்டும். ஆண்டுக் கணக்கில் தேடுகூலி உண்டு. அதனால் நூறு வருடத்தை ஒரே மனுவில் கேட்காமல் இருபது, முப்பது வருடமாகப் பிரித்துக் கேளுங்கள்.

பலருக்குக் காரியம் கெடுவது இந்தக் கட்டத்தில்தான். 1979-இல் தொடங்கி 1987 வரை நடந்த யுடிஆர் என்ற நிலப் பதிவேடு புதுப்பிப்புத் திட்டத்தில் நிறைய ஊர்களில் புல எண்ணோ (சர்வே எண்தான்) உட்பிரிவோ மாறிவிட்டது. இன்றைய எண்ணைக் கொடுத்து 1950-ஐத் தேடச் சொன்னால் ‘வில்லங்கம் ஏதுமில்லை’ என்றுதான் சான்று வரும். பத்திரமே இல்லை என்று நினைத்து ஆள் திரும்பிவிடுவார். கிராமத்து நிலங்களைப் புல எண் வாரியாக எழுதிய அ-பதிவேட்டில் பழைய புல எண்ணுக்கு ஒரு பத்தி இருக்கிறது. அதைப் பார்த்துப் பழைய எண்ணைக் குறித்துக்கொண்டு, இரண்டு எண்ணையும் மனுவில் எழுதுங்கள். உங்கள் ஊர் அந்தக் காலத்தில் வேறு சார்பதிவாளர் அலுவலகத்தின் எல்லையில் இருந்திருக்கலாம், அதையும் விசாரியுங்கள்.

இன்னொன்று: நூறு ரூபாய்க்குக் குறைந்த கிரயத்தைப் பதிய வேண்டும் என்ற கட்டாயம் அன்று இல்லை. 1920-களில் நூறு ரூபாய் பெரிய பணம். சின்ன நிலக்காரர்களின் கைமாற்றம் பல இதனாலேயே பதிவேட்டில் ஏறவில்லை. வாய்மொழியாகப் பாகம் பிரித்ததும் ஏறியிருக்காது.

வில்லங்கத்தில் பத்திர எண்ணும் ஆண்டும் கிடைத்ததும் சான்றிட்ட நகலுக்கு மனுப் போடுங்கள். நிலப் பத்திரங்கள் இருக்கும் முதல் புத்தகத்தை உரிய கட்டணம் கட்டி யாரும் பார்க்கலாம், நகலும் வாங்கலாம். உயில் அப்படியில்லை. எழுதியவர் இருக்கும்வரை அவருக்கோ அவர் முகவருக்கோ மட்டும்தான் நகல். இறந்த பின் யார் கேட்டாலும் தருவார்கள், இறப்புச் சான்றைக் கையோடு கொண்டுபோங்கள். எல்லாப் பத்திரத்துக்கும் செலவழிக்க முடியாது என்றால் பாகப்பிரிவினைப் பத்திரத்தை முதலில் எடுங்கள். பங்காளிகள் எல்லாரும் ஒரே இடத்தில் வருவதால் ஒரு பாகப்பிரிவினை பத்துக் கிரயத்துக்குச் சமம். அதற்கு அடுத்து, தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம், சொத்தைக் கொடையாக எழுதிவைக்கும் தான செட்டில்மெண்ட்.

நகல் வந்ததும் சொத்து விவரத்துக்குத் தாவாமல் முதல் பத்தியை நிதானமாகப் படியுங்கள். பழைய பத்திரம் ஏறக்குறைய இப்படித் தொடங்கும்: ‘தஞ்சாவூர் ஜில்லா பாபநாசம் தாலுகா மேற்படி கிராமத்திலிருக்கும் காலஞ்சென்ற ராமசாமி குமாரர் விவசாயம் வேலாயுதம் 1, மேற்படியார் தம்பி காலஞ்சென்ற சுப்பையன் மைனர் குமாரன் நடராஜனுக்காகத் தாயாரும் கார்டியனுமான தைலம்மாள் 2’. இந்த ஒற்றை வாக்கியத்தில் மூன்று தலைமுறை இருக்கிறது. ராமசாமி முன்பே இறந்துவிட்டார். அவருக்குக் குறைந்தது இரண்டு பிள்ளைகள். இளையவர் சிறுவயது மகனை விட்டுப் போயிருக்கிறார், மனைவி தைலம்மாள். பெண்களின் பெயர் பழைய பத்திரத்தில் அகப்படுவது பெரும்பாலும் இப்படி மைனருக்குக் கார்டியனாக வரும்போதுதான். 1956-இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்த பிறகு கல்யாணமாகிப் போன மகள்கள் விடுதலைப் பத்திரங்களில் கணவர் பெயரோடு வரிசையாக வருவார்கள்.

அடுத்துச் சொத்து எப்படி வந்தது என்று சொல்லும் பகுதி. ‘என் தகப்பனார் கிரயம் பெற்று’ என்று எழுதி, அந்தப் பத்திரத்தின் எண்ணையும் ஆண்டையும் கொடுத்திருப்பார்கள். அதுதான் நீங்கள் அடுத்து மனுப்போட வேண்டிய நகல். நான்கெல்லையையும் விடாதீர்கள். கிழக்கிலும் மேற்கிலும் நிலம் வைத்திருப்பவர் பாகம் பிரிந்த அண்ணன் தம்பியாக இருக்க வாய்ப்பு அதிகம். சாட்சிக் கையெழுத்தில் மாமனோ மச்சானோ இருப்பார்.

தேதி விஷயத்தில் கவனம். ௵ என்றால் வருடம், ௴ மாதம், ௳ நாள், ௸ மேற்படி. வருவாய்க் கணக்கில் வரும் பசலி ஆண்டோடு 590 கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு வரும். பசலி 1330 என்றால் 1920 ஜூலை முதல் 1921 ஜூன் வரை. தமிழ் வருடப் பெயர் மட்டும் இருந்தால் அறுபது வருடச் சுற்று குழப்பும். பிங்கள என்பது 1917-ம் ஆகும், 1977-ம் ஆகும். முத்திரைத்தாளில் ராஜா தலை இருக்கிறதா, அசோகச் சின்னம் இருக்கிறதா என்று பார்த்தாலே பாதிச் சந்தேகம் தீரும். குமரி மாவட்டத்தில் கொல்லம் ஆண்டு வரும், அதோடு 824 அல்லது 825 கூட்டுங்கள். அந்தப் பகுதி 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்ததால் பழைய ஆவணம் திருவனந்தபுரத்தில் இருக்கலாம்.

பத்திரச் சங்கிலி அறுந்த இடத்தில் வருவாய்த்துறைக் கணக்குக்குப் போங்கள். யுடிஆருக்கு முந்தைய செட்டில்மெண்ட் (நிலவரி நிர்ணய) பதிவேடு பட்டாதாரர் பெயரைத் தரும். மாவட்ட ஆட்சியர் அலுவலகப் பதிவறையில் கேளுங்கள். கிடைக்காவிட்டால் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்ட மனு கொடுங்கள், முப்பது நாளில் பதில் வர வேண்டும். மனுவில் ‘எங்கள் குடும்ப விவரம் வேண்டும்’ என்று எழுதினால் பயனில்லை. கிராமம், பழைய புல எண், எந்தப் பதிவேடு என்று குறிப்பாகக் கேட்க வேண்டும். ஜமீன் கிராமமாக இருந்தால் 1948-ஆம் ஆண்டு ஒழிப்புச் சட்டத்துக்குப் பிந்தைய செட்டில்மெண்ட்டோடு அரசுக் கணக்கு பெரும்பாலும் நின்றுவிடும். இனாம் நிலம் (மானியமாகப் பெற்ற நிலம்) வைத்திருந்த குடும்பங்களுக்கு அதிர்ஷ்டம் அதிகம். 1860-களில் இனாம் கமிஷன் எழுதிய பதிவேட்டில் அனுபவித்தவர் பெயரும் வயதும் முதலில் பெற்றவருக்கு அவர் என்ன உறவு என்பதும் இருக்கும். அதைச் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பார்க்கலாம்.

நிலமே இல்லாத குடும்பத்துக்கு இந்த வழி அடைபட்டதுதான். வேறு கதவுகள் உண்டு. பிறப்பு இறப்புப் பதிவேட்டைக் குழந்தை பெயரில் தேடாதீர்கள், பல இடங்களில் ‘ஆண் குழந்தை’ என்று மட்டும்தான் இருக்கும். தகப்பன் பெயரில் தேடுங்கள். பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் தகப்பன் பெயரும் தொழிலும் ஊரும் நம்பகமானவை. பிறந்த தேதியை நம்ப வேண்டாம். கையைத் தலைக்கு மேல் கொண்டுபோய்க் காதைத் தொட்டதும் வாத்தியார் போட்ட ஜூன் மாதத் தேதி அது. கத்தோலிக்கர்கள் பங்குக் கோவில் ஞானஸ்நானப் பதிவேட்டின் ஓரக் குறிப்பைப் பாருங்கள், பிறகு நடந்த திருமணம் அங்கே எழுதப்பட்டிருக்கும். முஸ்லிம்களுக்குப் பள்ளிவாசல் நிக்காஹ் தப்தர் (திருமணப் பதிவேடு). நகரத்தாருக்கு ஒன்பது கோவில்களில் தங்கள் கோவிலின் புள்ளிக் (திருமணமான தம்பதியர்) கணக்கு. குடும்பத்தில் யாராவது 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலியாகக் கப்பல் ஏறியிருந்தால், கப்பல் பட்டியலில் தகப்பன் பெயர், ஜில்லா, தாலுகா, கிராமம், ஜாதி, வயது, உடம்பில் உள்ள அடையாளம் வரை இருக்கும். ஊரில் இருந்துவிட்ட அண்ணனைப் பற்றி ஒரு வரியும் இல்லாதபோது கடல் தாண்டிய தம்பியைப் பற்றி இவ்வளவும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

எல்லாம் சேர்த்துக் கோட்டுப்படம் வரையும்போது பெயர்தான் காலை வாரும். பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம். அதனால் ராமசாமி மகன் வேலாயுதம், வேலாயுதம் மகன் ராமசாமி, அவர் மகன் மறுபடி வேலாயுதம் என்று சுற்றும். 1905 பத்திரத்து வேலாயுதமும் 1958 பட்டாவில் இருக்கும் வேலாயுதமும் ஒருவரே என்று இணைத்தால் இரண்டு தலைமுறை காணாமல் போகும். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் தகப்பன் பெயர், பத்திர எண், ஆண்டு, அதில் சொன்ன வயது நான்கையும் எழுதுங்கள். வயதிலிருந்து பிறந்த ஆண்டைக் கணக்கிட்டு, பத்து வருடத்துக்கு மேல் முரண்பட்டால் வேறு ஆள் என்றே வைத்துக்கொண்டு அடுத்த நகலுக்கு மனுப் போடுங்கள்.