ஓடி முடித்த பிறகு கெண்டைக்காலை இரண்டு முறை இழுங்கள்: முழங்காலை நீட்டி ஒன்று, மடக்கி ஒன்று

காலை ஆறரை மணிக்கு மெரினா பக்கமோ பெசன்ட் நகர்ப் பக்கமோ போனால், ஓடி முடித்தவர்கள் சுவரையோ மரத்தையோ தள்ளுவதுபோல நின்று ஒரு காலைப் பின்னால் நீட்டி இருபது எண்ணிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். அந்தப் பின்னங்காலின் பாதத்தை மட்டும் கவனியுங்கள். பலருக்கும் அது வெளிப்பக்கம் திரும்பியிருக்கும், குதிகால் ஒரு நூல் அளவு எழும்பியிருக்கும். அப்படி நின்றால் கெண்டைக்கால் சதை பெரிதாக இழுபடாது. இந்தப் பதிவில் பாதி இடம் கெண்டைக்காலுக்குத்தான். புதிதாக ஓடத் தொடங்குபவர்கள் அதிகம் தவறவிடுவது அங்கேதான்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஸ்ட்ரெச் செய்தால் மறுநாள் கால் வலிக்காது என்று எதிர்பார்க்காதீர்கள். 2011-இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, உடற்பயிற்சிக்கு முன் செய்தாலும் பின் செய்தாலும் சதைவலி குறைவது மிகமிகச் சொற்பம் என்றே காட்டியது. கணுக்காலும் இடுப்பும் தாராளமாக மடங்க, நீட்ட வேண்டும் என்பதற்காகத்தான் இதைச் செய்கிறோம். அது வாரக்கணக்கில் தொடர்ந்து செய்தால் கிடைக்கும் பலன்.

தொடங்கும் முன்

ஓடி முடித்ததும் ஐந்து நிமிடம் நடந்து, மூச்சு நிதானமான பிறகு, தண்ணீர் குடித்துவிட்டுத் தொடங்குங்கள். ஒரு சுவர், முழங்காலுக்கு அடியில் மடித்துப்போட ஏதாவது, நீளமான ஒரு பருத்தித் துண்டு, இவை போதும். ரப்பர் பேண்டைவிடத் துண்டையே சொல்வேன். ரப்பர் நீண்டு சுருங்கும், காலும் அதோடு சேர்ந்து ஆடும். ஈரிழைத் துண்டு பிடித்த இடத்தில் அப்படியே நிற்கும்.

எல்லாவற்றுக்கும் ஒரே கணக்கு: 30 வினாடி, இரண்டு முறை, இரண்டு காலுக்கும். மனதுக்குள் எண்ணினால் வேகமாக எண்ணிவிடுவோம், போனில் டைமர் வையுங்கள். துள்ளித் துள்ளி இழுக்காதீர்கள். இழுவை தெரிய வேண்டும், ஆனால் மூச்சைப் பிடித்துக்கொள்ளும் அளவுக்குப் போகக் கூடாது. குத்தலோ சுரீரென்ற வலியோ வந்தால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

கெண்டைக்கால்

கெண்டைக்காலில் இரண்டு சதைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. மேலே திரண்டு தெரிவது காஸ்ட்ராக்னீமியஸ். அது முழங்காலுக்கு மேலே, தொடை எலும்பில் தொடங்குகிறது. அதற்கு அடியில் தட்டையாக இருப்பது சோலியஸ், இது முழங்காலுக்குக் கீழேயே தொடங்கிவிடுகிறது. இரண்டும் ஒன்றாகச் சேர்ந்துதான் குதிகாலில் இறங்குகின்றன. குதிகால் நரம்பு என்று நாம் சொல்வது உண்மையில் நரம்பே இல்லை, இந்தச் சதைகளை எலும்போடு கட்டும் தசைநாண். முழங்காலை நீட்டி நின்றால் மேல்சதை முந்திக்கொண்டு இறுகிவிடும், அடிச்சதைக்குப் போதிய இழுவை போய்ச் சேராது. அதனால்தான் இரண்டு நிலை தேவைப்படுகிறது. ஓடும்போது பாதம் தரையில் ஊன்றியிருக்கும் நேரத்தில் முழங்கால் மடங்கித்தான் இருக்கிறது. அப்போது பெரும் பாரத்தைச் சுமப்பது இந்த அடிச்சதைதான்.

முதல் நிலை:

1. சுவரிலிருந்து ஒரு கை தூரத்தில் நின்று, உள்ளங்கைகளை நெஞ்சு உயரத்தில் சுவரில் வையுங்கள்.

2. ஒரு காலைப் பின்னால் கொண்டுபோங்கள். தரையில் டைல்ஸ் கோடு இருந்தால் குதிகாலின் நடுவும் இரண்டாவது விரலும் அந்தக் கோட்டின்மேல் இருக்கட்டும். நேராகத்தான் இருக்கிறது என்று தோன்றும்போதே பாதம் பெரும்பாலும் வெளியே திரும்பியிருக்கும், குனிந்து பாருங்கள்.

3. முழங்காலை நீட்டியபடி இடுப்பைச் சுவரை நோக்கி நகர்த்துங்கள். முதுகு வளைந்து தலை மட்டும் முன்னால் போனால் பயனில்லை.

4. முழங்காலுக்குச் சற்றுக் கீழே, திரண்ட சதையில் இழுவை தெரியும்.

பாதம் வெளியே திரும்பினால் என்ன ஆகிறது? உடல் முன்னால் சாயும்போது கணுக்கால் மடங்குவதற்குப் பதிலாக உள்ளங்காலின் வளைவு அமுங்கி, பாதம் உட்பக்கமாகச் சரிகிறது. முழங்கால் முன்னால் போவதால் இழுபடுவதுபோலத் தோன்றும், ஆனால் சதை நீளவே இல்லை. தட்டைப்பாதம் உள்ளவர்களுக்கு இது இன்னும் அதிகம். ஒரு கைக்குட்டையைச் சுருட்டி உள்ளங்கால் வளைவுக்கு அடியில் வைத்துக்கொண்டு செய்து பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும். குதிகால் எழும்புகிறதா என்று தெரிந்துகொள்ள அதன் அடியில் ஒரு காகிதத் துண்டை வைத்து, பக்கத்தில் இருப்பவரை இழுக்கச் சொல்லுங்கள். உருவிக்கொண்டு வந்தால் குதிகால் ஊன்றவில்லை, காலை இரண்டு அங்குலம் முன்னால் கொண்டுவாருங்கள்.

இரண்டாம் நிலைக்குப் பின்னங்காலை அரை அடி முன்னால் இழுத்து, குதிகாலை எடுக்காமல் அந்த முழங்காலை மடக்குங்கள். நாற்காலியில் உட்காரப்போவதுபோல இடுப்பு நேர்கீழே இறங்க வேண்டும், முழங்கால் இரண்டாவது விரலுக்கு நேராகப் போக வேண்டும். இழுவை இப்போது கீழே, குதிகாலுக்கு ஒரு சாண் மேலே, ஆழத்தில் மந்தமாகத் தெரியும். முதல் நிலையில் வந்த அளவு இழுவை வரவில்லையே என்று பலர் இதை விட்டுவிடுகிறார்கள். இந்தச் சதையில் அப்படித்தான் தெரியும், விடாதீர்கள். ஆனால் கணுக்காலின் முன்பக்கம் இடுக்கினதுபோல வலித்தால் மூட்டுதான் இடிக்கிறது. அழுத்தத்தைக் குறையுங்கள்.

முன்னேற்றத்தை அளக்க ஸ்கேல் போதும். சுவரை நோக்கிப் பாதத்தை வைத்து, குதிகால் எழும்பாமல் முழங்காலால் சுவரைத் தொடுங்கள். தொட முடிகிற கடைசித் தூரத்தைப் பெருவிரல் நுனியிலிருந்து சுவர்வரை அளங்கள். சுமார் 10 செ.மீ. வந்தால் நல்லது. அதைவிட முக்கியம், இரண்டு காலுக்கும் இடையே உள்ள வித்தியாசம். குறைவாக வரும் காலுக்கு ஒரு முறை கூடுதலாகச் செய்யுங்கள்.

மற்றவை

பின்தொடைக்கு மல்லாந்து படுத்து, துண்டை ஒரு பாதத்தின் நடுவில் கொடுத்து, காலைத் தூக்குங்கள். முழங்கால் லேசாக மடங்கினால் பரவாயில்லை. கால்விரல்களைத் தலைப்பக்கம் இழுக்காதீர்கள். அப்படி இழுக்கும்போது காலில் விறுவிறுவென்று மின்சாரம் ஓடுவதுபோலவோ மரத்துப்போவதுபோலவோ இருந்தால் இழுபடுவது சயாட்டிக் நரம்பு, இது நிஜமான நரம்பு. பாதத்தைத் தளர்த்தி, காலைச் சற்று இறக்குங்கள். நின்றுகொண்டு குனிந்து கால்விரலைத் தொடுவதை நான் பரிந்துரைப்பதில்லை. தொடை இறுகியவர்களுக்கு இடுப்பு மடங்காது, முதுகுதான் வளையும்.

முன்தொடைக்கு ஒரு கையால் சுவரைப் பிடித்து, மறுகையால் கணுக்காலைப் பிட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். இரண்டு முழங்கால்களும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். கணுக்கால் கைக்கு எட்டாவிட்டால் துண்டைச் சுற்றிப் பிடியுங்கள்.

இடுப்பின் முன்பக்கம், நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்பவர்களுக்கு அவசியம். ஒரு முழங்காலை மடித்த துணிமேல் ஊன்றி, மற்றப் பாதத்தை முன்னால் வையுங்கள். முன்னால் சாய்வதற்கு முன்பே, ஊன்றிய பக்கத்துப் பிட்டத்தை இறுக்குங்கள். அடிவயிறு மேலேறி, இடுப்பெலும்பு பின்னால் சாயும். அந்த நிலையிலேயே இழுவை தொடங்கிவிடும், பிறகு இரண்டு மூன்று அங்குலம் நகர்ந்தால் போதும். இறுக்காமல் சாய்ந்தால் கீழ்முதுகு குழிந்து, ஓடியதைவிட ஸ்ட்ரெச் செய்ததால் முதுகுவலி வரும்.

பிட்டத்துக்கு மல்லாந்து படுத்து, வலது கணுக்காலை இடது முழங்காலுக்குச் சற்று மேலே வைத்து, இடது தொடையை நெஞ்சுப் பக்கம் இழுங்கள். மேலே வைத்த கால் முழங்காலில் வலித்தால் அந்தப் பாதத்தை, விரல்கள் முழங்கால் பக்கம் வரும்படி, விறைப்பாக மடக்கிப் பிடியுங்கள். தொடையின் வெளிப்பக்கத்தில் ஓடும் ஐடி பேண்டை எப்படி இழுப்பது என்று தேட வேண்டாம். அது தடித்த நார்ப்பட்டை, கையால் இழுத்து நீளாது. முழங்காலின் வெளிப்பக்கம் வலிப்பவர்கள் ஓடும் தூரத்தைக் குறைத்து, இடுப்புச் சதைகளை வலுப்படுத்துவதே வழி.

மொத்தம் பன்னிரண்டு நிமிடம் ஆகும். ஐந்து நிமிடம்தான் இருக்கிறதென்றால் கெண்டைக்கால் இரண்டு நிலையும் முழுதாக, இடுப்பு முன்பக்கம் பக்கத்துக்கு ஒரு முறை.

பின்சேர்க்கை

படிக்கட்டு விளிம்பில் நின்று குதிகாலைக் கீழே இறக்கலாமா என்று கேட்கிறார்கள். கால் நன்றாக இருப்பவர்கள் செய்யலாம். ஆனால் தசைநாண் குதிகால் எலும்பில் ஒட்டும் இடத்திலேயே, அதாவது ஷூவின் பின்விளிம்பு உரசும் இடத்தில், வலி இருந்தால் கூடாது. குதிகால் படிக்குக் கீழே இறங்கும்போது தசைநாண் எலும்போடு நசுங்கி, வலி கூடும். அவர்கள் சுவர் ஸ்ட்ரெச்சையும் நிறுத்திவிட்டு பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள்.

ஓடும்போது கெண்டைக்காலில் கல்லால் அடித்ததுபோல் சட்டென்று வலி வந்திருந்தால், சதை கிழிந்திருக்கலாம். இழுத்துவிட்டால் சரியாகும் என்று இழுக்காதீர்கள், மருத்துவரிடம் போங்கள். ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தாலும் அன்றே போக வேண்டும்.

ஷூ மாற்றிய பிறகு கெண்டைக்கால் திடீரென்று இறுகிப்போனது என்பவர்கள், பழைய ஷூவிலும் புதியதிலும் குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் உள்ள உயர வித்தியாசத்தைப் பாருங்கள். 10 மி.மீ. இருந்ததிலிருந்து 4 மி.மீ.க்கு இறங்கியிருந்தால், ஒவ்வோர் அடியிலும் கணுக்கால் கூடுதலாக மடங்க வேண்டியிருக்கும். முதல் சில வாரங்களுக்கு வாரத்தில் ஒன்றிரண்டு குறைந்த தூர ஓட்டங்களுக்கு மட்டும் புதியதைப் போட்டு, மற்ற நாளில் பழையதிலேயே ஓடுங்கள்.