வேல்ஸ் துறைமுகங்களுக்கும் தொழில் நகரங்களுக்கும் வந்தவர்கள்: அந்த வரலாற்றைச் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரிட்டனில் குடியேறிகளின் கதையை 1948-இல் கரீபியன் தீவுகளிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு விண்ட்ரஷ் கப்பல் வந்து சேர்ந்த நாளிலிருந்து தொடங்குவது பலருக்கும் பழக்கமாகிவிட்டது. தெற்கு வேல்ஸைப் பற்றி எழுதும்போது அப்படித் தொடங்கினால் நூறு ஆண்டு வரலாறு எடுத்த எடுப்பிலேயே காணாமல் போய்விடும்.

கார்டிஃபில் பியூட் பிரபுவின் மேற்குக் கப்பல்துறை திறந்தது 1839-இல். அதே ஆண்டில்தான் ஆங்கிலேயர்கள் ஏமன் கடற்கரையின் துறைமுகமான ஏடனைப் பிடித்தார்கள். 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் ஏடன், நீராவிக் கப்பல்கள் நிலக்கரி ஏற்றிக்கொள்ளும் பெரிய நிலையமாயிற்று. புகை குறைவு, சூடு அதிகம் என்பதால் வேல்ஸ் நிலக்கரிக்குக் கப்பல்காரர்களிடம் தனி மதிப்பு. அந்தக் கரியைக் கொதிகலனில் அள்ளிப் போடும் கடும் வேலைக்கு ஏடனில் ஏமன்காரர்களையும் சோமாலியர்களையும் சேர்த்தார்கள். கப்பல் மறுபடி கரி ஏற்ற வருமிடம் கார்டிஃப், பாரி, நியூபோர்ட். 1913-இல் கார்டிஃபும் பாரியும் தலா ஒரு கோடி டன்னுக்கு மேல் நிலக்கரி ஏற்றுமதி செய்தன. இந்த வழியைப் பார்த்துவிட்டால் ஏமன்காரர்கள் ஏன் கார்டிஃபில் இருந்தார்கள் என்று வியக்க வேண்டியதில்லை.

அடுத்த தவறு, 'குடியேறி' என்றதும் கடல் கடந்து வந்த கறுப்பரையும் அரேபியரையும் மட்டும் நினைப்பது. தெற்கு வேல்ஸின் நிலக்கரிச் சுரங்கப் பகுதியான ரோந்தா பள்ளத்தாக்கில் 1851-இல் ஆயிரம் பேர்கூட இல்லை. 1911-இல் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். அவர்களில் பெரும்பகுதியினர் மேற்கு வேல்ஸின் கிராமங்களிலிருந்தும், சாமர்செட், குளோஸ்டர்ஷையர் போன்ற ஆங்கில மாவட்டங்களிலிருந்தும் வந்தவர்கள். அவர்களுக்கு முன்பே, 1840-களின் பஞ்சத்தில் அயர்லாந்தை விட்டு ஓடிவந்தவர்கள் நியூபோர்ட், கார்டிஃப், மெர்தர் டிட்ஃபில் நகரங்களில் ஆயிரக்கணக்கில் தங்கியிருந்தார்கள். வெள்ளையர்கள்தானே, எளிதில் கலந்திருப்பார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். 1848 நவம்பரில் கார்டிஃபில் ஒரு வேல்ஸ்காரரை ஓர் ஐரிஷ்காரர் குத்திக் கொன்றதும் ஐரிஷ்காரர்களின் வீடுகளும் கத்தோலிக்கக் கோயிலும் தாக்கப்பட்டன. 1882-இல் ட்ரெடிகாரில் ஐரிஷ் குடும்பங்கள் ஊரைவிட்டே விரட்டப்பட்டன.

துறைமுகத்தையும் பள்ளத்தாக்கையும் ஒரே மாதிரி எழுதுவதும் அடிக்கடி நடக்கிறது. துறைமுகத்துக்கு வந்தவர்கள் பெரும்பாலும் தனியாக வந்த கப்பல் ஆட்கள். அடுத்த கப்பல் கிடைக்கும்வரை தங்க, தம் ஊர்க்காரர் நடத்தும் தங்கும் விடுதி வேண்டும். அந்த விடுதிக்காரரே கடன் கொடுப்பார், கடிதம் வாங்கி வைப்பார், கப்பலில் வேலைக்கும் சொல்லிவிடுவார். உள்ளூர்ப் பெண்களை மணந்து குடும்பமானவர்களும் நிறையப் பேர். பள்ளத்தாக்குகளில் நிலைமை வேறு. இரும்பாலைக்குத் தேவையான தாது ஸ்பெயினின் பில்பாவோ பக்கத்திலிருந்து வந்ததால் டவ்லைஸுக்கு ஸ்பானியத் தொழிலாளர்கள் குடும்பத்தோடு வந்தார்கள். அபர்கிரேவ் சுரங்கத்திலும் ஸ்பானியர்கள் இருந்தார்கள். வடக்கு இத்தாலியின் பார்டி என்ற மலையூரிலிருந்து வந்தவர்கள் சுரங்க ஊர்களில் காபிக் கடையும் ஐஸ்கிரீம் கடையும் வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மதுக்கடைகளை மூடும் சட்டம் 1881-இல் வேல்ஸுக்கு வந்துவிட்டது. சுரங்க வேலைக்குப் போகும் பையன்களுக்கு ஞாயிறு மாலை உட்கார்ந்து பேச இத்தாலியர் கடை ஓர் இடமாக அமைந்தது. ஞாயிறன்று கடை திறந்ததற்காக அவர்கள் அபராதமும் கட்டினார்கள். ஸ்வான்சியில் யூதர்கள் இவர்கள் எல்லோருக்கும் முன்பே வந்துவிட்டார்கள். அவர்களுடைய இடுகாட்டுக்கு 1768-இலேயே நிலம் கிடைத்தது.

இனி, அதிகம் கெடுதல் செய்யும் தவறுக்கு வருகிறேன். கார்டிஃபின் பியூட்டவுன் பகுதிக்கு டைகர் பே என்று இன்னொரு பெயர். அதைப் பற்றி எழுதுகிறவர்கள் இரண்டு கட்சி. ஒரு கட்சிக்கு அது குடியும் கத்திக்குத்துமாக இருந்த இடம். அந்தக் காலச் செய்தித்தாள்கள் அப்படித்தான் எழுதின. இன்னொரு கட்சிக்கு, எல்லா இனத்தவரும் ஒரே தெருவில் அண்ணன் தம்பியாக வாழ்ந்த சொர்க்கம். இரண்டாவது கதையில் உண்மை அதிகம். அங்கே வளர்ந்தவர்களே அந்த அக்கம்பக்க உறவை அன்போடு சொல்லியிருக்கிறார்கள். ஆனால் தெருவுக்குள் இருந்த ஒற்றுமையை நகரம் முழுக்க இருந்ததாக நீட்டிவிடக் கூடாது. 1919 ஜூனில் நியூபோர்ட், பாரி, கார்டிஃப் மூன்றிலும் கூட்டங்கள் கறுப்பரையும் அரேபியரையும் அவர்கள் வீடுகளிலும் விடுதிகளிலும் புகுந்து தாக்கின. கார்டிஃபில் மட்டும் 3 பேர் இறந்தார்கள். முதல் உலகப் போர் முடிந்து திரும்பியவர்களுக்கு வேலையும் இல்லை, வீடும் இல்லை. வெள்ளைப் பெண்களை மணந்தவர்கள் மீது தனிக் கோபம். தாக்கப்பட்டவர்களில் பலர் அதே போரில் வணிகக் கப்பல்களில் உயிரைப் பணயம் வைத்து வேலை செய்தவர்கள் என்பதைச் சொல்லாமல் விடுகிற கட்டுரை எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது. கலவரத்துக்குப் பின் அரசு முன்வைத்த தீர்வு, தாக்கப்பட்டவர்களைச் 'சொந்த நாட்டுக்கு' அனுப்புவது.

கலவரங்களுக்கு ஒற்றைக் காரணம் சொல்வதையும் விட்டுவிடுங்கள். 1911 ஜூலையில் கப்பல் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது கார்டிஃபில் சீனர்களின் சலவைக் கடைகள் உடைக்கப்பட்டன. சீன மாலுமிகளைக் குறைந்த கூலிக்கு வேலைக்கு வைத்தார்கள் என்பது கோபத்துக்குக் காரணம். சலவைக் கடைக்காரர் எந்தக் கப்பலிலும் வேலை செய்யவில்லையே! அதே ஆண்டு ஆகஸ்டில் ட்ரெடிகாரில் தொடங்கி யூதர்களின் கடைகள் சூறையாடப்பட்டன. உள்துறை அமைச்சராக இருந்த சர்ச்சில் படையை அனுப்பினார். அந்தச் சூறையாடலுக்குக் காரணம் யூத வெறுப்பா, வாடகையும் விலைவாசியும் கிளப்பிய கோபமா என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். கூலிச் சண்டையும் இன வெறுப்பும் ஒன்றையொன்று தூக்கிப் பிடித்த காலம் அது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் மற்றது மறைந்துபோகும்.

சட்டக் காகிதங்களைக் கவனிக்காமல் விடுவது இன்னொன்று. எனக்கு இந்த வரலாற்றின் மையமே இதுதான். 1925-இல் பிரிட்டிஷ் அரசு, வெள்ளையரல்லாத வெளிநாட்டு மாலுமிகளுக்கென ஓர் ஆணை போட்டது. பிரிட்டிஷ் பிரஜை என்று காகிதம் காட்ட முடியாதவர் போலீஸில் பதிந்துகொள்ள வேண்டும். கார்டிஃபில் நடந்தது அதைவிட மோசம். உண்மையான பிரிட்டிஷ் பிரஜைகளையும் அந்நியர் என்று பதிவு செய்தார்கள், கையிலிருந்த ஆவணங்களையும் ஏற்க மறுத்தார்கள். ஏடன் நகரில் பிறந்தவர் பிரஜை. சோமாலிலாந்து 'பாதுகாப்புப் பிரதேசம்', அதாவது பிரிட்டனின் பாதுகாப்பில் இருந்தாலும் பிரிட்டிஷ் மண்ணாகக் கருதப்படாத பகுதி என்பதால் அங்கே பிறந்தவருக்கு அந்தத் தகுதி கிடையாது. அதனால் பலர் பிறந்த இடம் ஏடன் என்று எழுதினார்கள். ஆகவே ஒரு பதிவேட்டில் 'ஏடன்' என்று கண்டவுடன் அவரை ஏமன்காரர் என்று முடிவு கட்டாதீர்கள். சோமாலியராகவும் இருக்கலாம். பெயர்களும் அப்படியே: கேட்ட மாத்திரத்தில் எழுத்தர் எழுதியதுதான் எழுத்துக்கூட்டல், தந்தையின் பெயரே குடும்பப் பெயராகிவிடும்.

மக்கள்தொகைக் கணக்கைக் கொண்டு மட்டும் எண்ணிக்கை சொல்வதும் ஆபத்து. கணக்கெடுத்த இரவில் கடலில் இருந்த மாலுமி அவர் தங்கும் வீட்டுக் கணக்கில் வரமாட்டார். 1931 கணக்கெடுப்புத் தாள்கள் 1942-இல் தீயில் எரிந்துபோயின. 1941-இல் போரால் கணக்கே எடுக்கவில்லை. கப்பல் ஆட்களின் பட்டியல், திருமணப் பதிவு, விடுதி உரிமம், உள்ளூர்ச் செய்தித்தாள் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால்தான் ஆள் கிடைப்பார்.

'பிரிட்டனின் முதல் பள்ளிவாசல் 1860-இல் கார்டிஃபில் திறந்தது' என்ற வரியையும் எங்கும் பார்க்கலாம். பதிவேட்டைத் தவறாகப் படித்ததால் பரவிய செய்தி அது என்று ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். பியூட்டவுனின் பீல் தெருப் பள்ளிவாசல் இருபதாம் நூற்றாண்டில் வந்தது, இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து பின்னர் மீண்டும் எழுந்தது. அந்தச் சமூகத்தின் பெருமைக்கு அதுவே போதும், பொய்யான ஆண்டு தேவையில்லை.

இத்தாலியர்களை எல்லோரும் நேசித்தார்கள் என்று முடிக்கிறவர்கள் 1940-ஐப் படித்துவிட்டு எழுதலாம். ஜூன் 10 அன்று இத்தாலி போரில் இறங்கியதும் வேல்ஸில் பல ஆண்டுகளாகக் கடை வைத்திருந்தவர்களைக்கூடப் பிடித்து அடைத்தார்கள். கைதிகளைக் கனடாவுக்கு ஏற்றிச் சென்ற அராண்டோரா ஸ்டார் கப்பலை ஜூலை 2-இல் ஜெர்மன் நீர்மூழ்கி தாக்கியதில் 800-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதில் வேல்ஸின் காபிக் கடைக்காரர்களும் உண்டு.

மஹ்மூத் மத்தானின் வழக்கை 'பழைய காலத்து நீதித் தவறு' என்று ஒரு வரியில் கடந்துபோவதும் தவறுதான். சோமாலிய மாலுமியான அவரை ஒரு கடைக்காரப் பெண்ணைக் கொன்றதாகச் சொல்லி 1952 செப்டம்பர் 3-இல் கார்டிஃப் சிறையில் தூக்கிலிட்டார்கள். நீதிமன்றத்தில் அவரை அரை நாகரிகக் காட்டுமிராண்டி என்ற பொருள்பட வருணித்தவர் அவருக்காக வாதாடிய வழக்கறிஞரே. தீர்ப்பு ரத்தானது 1998-இல். போலீஸ் மன்னிப்புக் கேட்டது 2022-இல். தீர்ப்பு ரத்தாகும்வரை அவருடைய மனைவி லாராவும் பிள்ளைகளும் போராடியிருக்கிறார்கள். லாரா வேல்ஸ் பெண். டைகர் பே கட்டுரைகளில் இப்படிப்பட்ட பெண்களுக்கு 'மாலுமியின் மனைவி' என்பதற்கு மேல் இடமே இருப்பதில்லை. கணவர் மாதக்கணக்கில் கடலில் இருக்க, வீட்டையும் விடுதியையும் நடத்தியவர்கள் அவர்கள்.

அவர்களுடைய பிள்ளைகளின் பெயர்களையும் எழுதுங்கள். சியரா லியோன்காரரின் மகன் பில்லி பாஸ்டன் டைகர் பேயில் பிறந்து, வடக்கு இங்கிலாந்தின் விகன் அணியில் ரக்பி லீக் ஆடிப் புகழ்பெற்றார். கார்டிஃபின் கிளைவ் சல்லிவன் 1972-இல் பிரிட்டன் ரக்பி லீக் அணிக்குத் தலைவராகி உலகக் கோப்பையை வென்றார். ஜமைக்காவிலிருந்து வந்தவரின் மகள் பெட்டி கேம்ப்பெல், பியூட்டவுனின் மவுண்ட் ஸ்டூவர்ட் பள்ளியில் வேல்ஸின் முதல் கறுப்பினத் தலைமையாசிரியரானார். அந்தப் பகுதியின் பழைய தெருக்களை 1960-களில் இடித்தபோது அங்கிருந்த சமூகமும் முடிந்துவிட்டது என்று எழுதுகிறவர்களுக்கு அந்தப் பள்ளியே பதில்.