காருக்குள்ளே எங்கிருந்து வருகிறது இந்தத் தண்ணீர்?

என் பழைய காரில் முன் சீட்டில் உட்கார்ந்தவர் காலை வைத்ததும் மிதியடி சதக்கென்றது. மழை இல்லை, தண்ணீர் பாட்டிலும் கவிழவில்லை. முதலில் பயந்தது ஹீட்டர் கோர் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் உள்ளே ஓடி, காருக்குள் வெப்பம் தரும் பாகம்) ஒழுகுகிறதோ என்று நினைத்துத்தான், ஏனென்றால் அதை மாற்ற டேஷ்போர்டையே கழற்ற வேண்டியிருக்கும். வெள்ளை டிஷ்யூ பேப்பரை ஈரத்தில் அழுத்திப் பார்த்தேன்: நிறம் இல்லை, பிசுபிசுப்பு இல்லை, கூலன்ட்டுக்கே உரிய அந்த இனிப்பு வாடையும் இல்லை. (நக்கிப் பார்க்காதீர்கள், அது விஷம்.) கூலன்ட் டேங்கிலும் அளவு குறையவில்லை. அப்போ வெறும் தண்ணீர்தான்.

அப்புறம்தான் உறைத்தது, ஏசி போட்டு நிறுத்தினால் வண்டிக்கு அடியில் வழக்கமாகச் சொட்டும் தண்ணீரைப் பார்த்தே பல நாளாகிவிட்டது. ஏசியின் குளிர்ந்த காயிலில் காற்றின் ஈரம் படிந்து, ஒரு சின்ன ரப்பர் குழாய் வழியாக வெளியே போக வேண்டும். அது அடைத்தால் உள்ளேதான் வழியும். வண்டியைத் தாங்கிகளில் பத்திரமாக நிறுத்திவிட்டு, எஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் தடுப்புச் சுவரில் அந்தக் குழாயைத் தேடிப் பிடித்து, வளைந்து கொடுக்கும் பிளாஸ்டிக் கம்பியை மெதுவாக விட்டேன். மக்கிய இலையும் சேறுமாக அரை செம்புத் தண்ணீர் என் சட்டைக் கையை நனைத்துக்கொண்டு வந்தது. டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரெஸரால் வேகமாகக் காற்றை அடித்தால் உள்ளே குழாய் கழன்றுவிடலாம், அதைத் தவிர்த்தேன்.

கார்ப்பெட்டுக்கு அடியிலிருந்த ஸ்பாஞ்ச் காயத்தான் மூன்று நாள் ஆனது.