பழைய சாஃப்ட்னரை மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போர்வெல் நீரை நம்பியிருக்கும் வீடுகளில், நீரின் கடினத்தன்மையை, அதாவது அதில் கரைந்துள்ள கால்சியம், மக்னீசியத்தை, நீக்கும் சாஃப்ட்னர் வேலை செய்யாமல் போனதும், அதே அளவில் இன்னொன்றை வாங்கி அதே இடத்தில் பொருத்திவிடுவதே வழக்கமாக இருக்கிறது. பழையது ஏன் கைவிட்டது என்று பார்க்காமல் புதியதை வாங்குவதுதான் முதல் தவறு. உப்புத் தொட்டியில் மேலே உப்பு இறுகிப் பாளமாகி, அடியில் வெற்றிடம் விழுந்து, உப்புக் கரைசல் உருவாகாமலே இருக்கலாம். ஒரு குச்சியால் மெல்லக் குத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். மண் கலந்த கல் உப்பைப் போட்டதால் கரைசலை உறிஞ்சும் சிறுதுளை அடைத்திருக்கலாம். நீரைச் சாஃப்ட்னருக்குள் விடாமல் திருப்பிவிடும் பைபாஸ் வால்வு திறந்தே கிடக்கலாம். கடினத்தன்மையைப் பிடித்துக்கொள்ளும், உப்புக் கரைசலால் மீண்டும் வலுப்பெறும் சிறு மணிகளான ரெசின் மட்டும் வலுவிழந்திருந்தால் அதை மாற்றினால் போதும். அப்போதும் முழுக் கருவியையும் மாற்றச் சொல்பவரின் பேச்சைச் சற்று யோசித்தே ஏற்க வேண்டும்.

பிடித்து வைத்த வாளி நீர் சில மணி நேரத்தில் செம்பழுப்பாக மாறினால் அதில் இரும்பு இருக்கிறது. அது ரெசின் மணிகளின் மேல் படிந்து அவற்றைக் கெடுத்துவிடும் என்பதால், முன்னால் இரும்பு வடிப்பான் வைக்காவிட்டால் புதிய கருவிக்கும் அதே கதிதான்.

நீரில் கரைந்த உப்புகளின் மொத்த அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரைக் காட்டிப் பேசும் விற்பனையாளரை நம்பி அளவைத் தீர்மானிப்பது இன்னொரு தவறு. சாஃப்ட்னர் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் எடுத்துக்கொண்டு சோடியத்தை விடுகிறதே தவிர, கரைந்த உப்புகளின் மொத்த அளவைப் பெரிதாகக் குறைப்பதில்லை. தேவைப்படுவது கடினத்தன்மை அளவு. சோதனைப் பெட்டியில் உள்ள கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட, ஒயின் சிவப்பாக இருக்கும் நீர் நீலமாக மாறும் வரை எண்ணினால் அது கிடைத்துவிடும். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் ஏற்பது லிட்டருக்கு 200 மில்லிகிராம்; வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் உச்ச வரம்பு 600.

இனிக் கணக்குக்கு வருவோம். ஒரு லிட்டர் ரெசின் ஒரு சுற்றில், அதாவது ஒருமுறை உப்புக் கரைசலால் புதுப்பித்ததிலிருந்து (உப்பேற்றியதிலிருந்து) அடுத்த முறை வரை, சுமார் 50 கிராம் கடினத்தன்மையை எடுக்கும் என்று வைத்துக்கொண்டால், 25 லிட்டர் ரெசின் 1,250 கிராம் எடுக்கும். 600 மில்லிகிராம் கடினத்தன்மை உள்ள நீரில் அது சுமார் 2,000 லிட்டருக்குத்தான் வரும். ஆளுக்கு 135 லிட்டர் வீதம் நால்வர் புழங்கும் வீட்டில் நான்கு நாள்கூட நிற்காது. இடம் மிச்சமாகிறதே என்று 10 லிட்டர் ரெசின் உள்ள சிறிய கருவியை வாங்கினால், ஒன்றரை நாளுக்கு ஒருமுறை உப்பேற்ற வேண்டிவரும்.

அழுத்தத்தைப் பலர் மறந்தேவிடுகிறார்கள். தானியங்கி வால்வுகள் பெரும்பாலும் 1.5 பாருக்குக் குறையாத அழுத்தத்தைக் கேட்கும். ஆனால் குழாய்க்கு 3 மீட்டர் மேலே இருக்கும் மாடித் தொட்டி தருவது 0.3 பார்தான். பிரஷர் பம்ப் வைக்காமல் தானியங்கிச் சாஃப்ட்னரைப் பொருத்தினால், உப்புக் கரைசல் உறிஞ்சப்படாமல் ரெசின் வெறுமனே நனைந்துகொண்டிருக்கும்.

உப்பே வேண்டாம் என்று விற்கப்படும் காந்தக் கருவிகள் நீரிலிருந்து கடினத்தன்மையை நீக்குவதில்லை. மாறாக, உப்பால் இயங்கும் சாஃப்ட்னர், 600 மில்லிகிராம் கடினத்தன்மையை முழுவதும் நீக்கும்போது, லிட்டருக்கு ஏறத்தாழ 275 மில்லிகிராம் சோடியத்தைச் சேர்க்கிறது. ஆகவே சமையலறைக் குடிநீர்க் குழாயை அதிலிருந்து பிரித்துவிட வேண்டும், அல்லது அதற்கு ஆர்.ஓ. வைக்க வேண்டும், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் இது கட்டாயம். உப்பேற்றிய பின் வெளியேறும் கழிவுநீரைத் தென்னைக்கோ மழைநீர் சேகரிப்புக் குழிக்கோ விடாமல், நேராகச் சாக்கடைக்குக் கொண்டுசெல்லும் குழாயைக் கருவியைப் பொருத்தும்போதே போட்டுவிடுங்கள்.