வீட்டுப் பாதுகாப்புக்குத் துப்பாக்கி: புள்ளிவிவரத்தில் சறுக்கும் இடங்கள்

அமெரிக்காவில் வீட்டுப் பாதுகாப்புக்குத் துப்பாக்கி வாங்கலாமா என்று புதிதாக வாதிட வருபவர்கள் இரண்டு எண்களோடு வருகிறார்கள். எதிர்ப்பவருக்கு 43, ஆதரிப்பவருக்கு 25 லட்சம். இரண்டும் உண்மையான ஆய்வுகளிலிருந்து வந்தவைதான். கையாளும் விதத்தில்தான் கோளாறு.

43-ஐப் பிரிக்காமல் சொல்வது, பிரித்தபின் 37-ஐ வீசுவது

கெல்லர்மனும் ரேயும் 1986-ல் வெளியிட்ட ஆய்வு இது. சியாட்டில் நகரம் அடங்கிய கிங் கவுண்டியில் 1978 முதல் 1983 வரை, துப்பாக்கி வைத்திருந்த வீட்டுக்குள்ளேயே நடந்த துப்பாக்கி மரணங்களை எண்ணினார்கள். தற்காப்புக் கொலை ஒன்றுக்கு மற்ற மரணங்கள் 43. துப்பாக்கியைக் கண்டு ஓடிப்போன திருடன் இந்தக் கணக்கில் இல்லை, செத்தால்தான் சேர்ப்பார்கள். அதனால் "பாதுகாப்பைவிட ஆபத்து 43 மடங்கு" என்று சொல்வது தப்பு.

அந்த 43-க்குள் விபத்து 1.3, குற்றக் கொலை 4.6, தற்கொலை 37. இதைப் பார்த்ததும் மறுதரப்பு, "சாக நினைப்பவன் எப்படியும் சாவான்" என்று 37-ஐ ஒதுக்கிவிடுகிறது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் பொறுக்க முடியாத தவறு இதுதான், ஏனென்றால் இதற்கு விலை உயிர். தற்கொலை உந்துதல் பெரும்பாலும் வந்து தணியக்கூடியது. துப்பாக்கி அந்த அவகாசத்தைத் தருவதில்லை: துப்பாக்கியால் முயல்பவர்களில் ஏறத்தாழ பத்துக்கு ஒன்பது பேர் இறக்கிறார்கள். எந்த வழியிலும் முயன்று பிழைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பின்னாளில் தற்கொலையால் இறப்பதில்லை.

இஸ்ரேல் ராணுவம் 2006-ல், வார இறுதியில் வீட்டுக்குப் போகும் வீரர்கள் துப்பாக்கியை முகாமிலேயே விட்டுச்செல்ல வேண்டும் என்றது. வீரர்களின் தற்கொலை சுமார் 40 சதவீதம் குறைந்தது. குறைந்தது வார இறுதியில்தான். வார நாட்களில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. "எப்படியும்" என்பது உண்மையானால் இது நடந்திருக்காது.

அமெரிக்காவில் 2021-ல் துப்பாக்கியால் இறந்த 48,830 பேரில் 26,328 பேர் தற்கொலை. பதின்வயதுப் பிள்ளையோ, மனச்சோர்வில் இருக்கும் பெரியவரோ உள்ள வீடு முதலில் பார்க்க வேண்டிய எண் இது.

25 லட்சம்

கிளெக், கெர்ட்ஸ் இருவரின் 1995 ஆய்வு. ஏறத்தாழ 5,000 பேரைக் கேட்டதில், கடந்த ஓராண்டில் தற்காப்புக்குத் துப்பாக்கியைப் பயன்படுத்தியதாகச் சொன்னவர்கள் 66 பேர், அதாவது 1.3 சதவீதம். அன்றைய வயதுவந்தோர் சுமார் 19 கோடி. அதில் 1.3 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 25 லட்சம் தற்காப்புப் பயன்பாடு. நூற்றில் ஒருவர் பழைய சம்பவத்தை இந்த ஆண்டுக் கணக்கில் சொல்லிவிட்டாலே 19 லட்சம் ஏறிவிடும். அரசின் குற்றப் பாதிப்புக் கணக்கெடுப்பு சுமார் ஒரு லட்சம் என்கிறது. அது குற்றத்துக்கு ஆளானதாகச் சொன்னவர்களை மட்டுமே மேற்கொண்டு கேட்பதால் குறைத்துக் காட்டக்கூடும்.

ஒரே ஆண்டை எடுத்துக்கொள்வது

துப்பாக்கி மரணக் கணக்கில் இது வேண்டாம், மேலே சொன்ன 2021-க்கும் இது பொருந்தும். ஆண்டுக்கு ஆண்டு எண் மாறும், ஐந்தாண்டாவது பாருங்கள்.

"துப்பாக்கி இருக்கிறதா" என்பதோடு நிறுத்துவது

எப்படி வைத்திருக்கிறார்கள் என்பதையும் கேட்க வேண்டும். 2005-ல் வந்த ஓர் ஆய்வில், நான்கு பழக்கங்கள் ஒவ்வொன்றும் சிறுவர் தற்கொலை, விபத்து குறைவதோடு சேர்ந்திருந்தன: துப்பாக்கியைப் பூட்டுதல், தோட்டா இல்லாமல் வைத்தல், தோட்டாவைப் பூட்டுதல், அதை வேறிடத்தில் வைத்தல். தற்காப்புக்கென வாங்குபவர் பலர் நேர்மாறாக, தோட்டா நிரப்பிப் படுக்கையருகே திறந்த இழுப்பறையில் வைக்கிறார்கள். எண்பூட்டுள்ள சிறு பெட்டகத்தைச் சுவரிலோ தரையிலோ போல்ட் போட்டு இறுக்குங்கள். எண்ணைப் பிள்ளைகள் ஊகிக்க முடியாததாக வையுங்கள். வீட்டில் யாராவது சாக வேண்டும் என்று பேச ஆரம்பித்தால், பெட்டகத்தையும் நம்ப வேண்டாம். மாநிலச் சட்டத்தைச் சரிபார்த்து, துப்பாக்கியை நெருக்கடி தீரும்வரை உறவினரிடமோ துப்பாக்கிக் கடையிலோ ஒப்படையுங்கள். 988 என்ற அமெரிக்கத் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணுக்கும் அன்றே அழையுங்கள்.