மனச்சோர்வு மாத்திரையோடு ப்ரோபயாட்டிக் சேர்க்க நினைப்பவர்களுக்கு

மருந்துக் கடையில் வேலை பார்க்கிறேன். மனச்சோர்வுக்கு எழுதிய சீட்டை நீட்டியபடியே, “இதை நிறுத்திவிட்டுக் குடலுக்கான கேப்ஸ்யூலை மட்டும் சாப்பிடலாமா அக்கா?” என்று கேட்கிறார்கள். கூடவே கூடாது. செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம் போன்ற மனச்சோர்வு மாத்திரைகளைச் சட்டென்று விட்டால் தலைசுற்றும், தூக்கம் கெடும், நோயும் திரும்பலாம். அந்தக் கேப்ஸ்யூலை, அதாவது குடலுக்கு நல்லது செய்யும் உயிருள்ள நுண்ணுயிர்கள் அடங்கிய ப்ரோபயாட்டிக்கை, மாத்திரையோடு கூடுதலாக எடுப்பதைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

அதற்கு நியாயம் இருக்கிறது. லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் 2023-இல் வெளியிட்ட ஆய்வில், மாத்திரை சாப்பிட்டும் முழுக் குணம் காணாத 49 பேர் சேர்ந்தார்கள். பாதிப் பேருக்கு 14 வகை நுண்ணுயிர்கள் அடங்கிய கேப்ஸ்யூல், மற்றவர்களுக்கு மருந்தில்லாத கேப்ஸ்யூல். 8 வாரத்தில் முதல் பிரிவினரின் சோர்வும் பதற்றமும் கூடுதலாகத் தணிந்தன. சிறிய ஆய்வுதான், மருத்துவரிடம் பேசிப் பார்க்க அது போதும்.

அவரிடம் கேட்காமல் வாங்காதீர்கள். புற்றுநோய் மருந்து எடுப்பவர்களும், உறுப்பு மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்களும் இதில் கை வைக்கவே வேண்டாம். எதிர்ப்புச் சக்தி குறைந்த உடம்பில் நல்ல கிருமியும் ரத்தத்தில் கலந்து தொற்றாகலாம்.

வாங்கும்போது அட்டையைத் திருப்பிப் படியுங்கள். லாக்டோபேசில்லஸ், பைஃபிடோபாக்டீரியம் என்ற பெயரோடு நின்றுவிடாமல், அதன் பின்னால் எண்ணோ எழுத்தோ இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே இனத்தில் ஒரு வகை செய்வதை இன்னொன்று செய்யாது. வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் சின்னப் பிளாஸ்டிக் குப்பியில் இருப்பது பெரும்பாலும் பேசில்லஸ் கிளாசி. மனச்சோர்வுக்கு என்று அதை வாங்கிப் போகாதீர்கள். குளிர்ச்சியில் வைக்கச் சொல்லியிருந்தால், கடைக்காரர் எங்கிருந்து எடுத்துத் தருகிறார் என்பதையும் கவனியுங்கள். வெயிலடிக்கும் அலமாரியில் கிடந்ததற்குக் காசு கொடுக்க வேண்டாம்.

ஆன்டிபயாட்டிக் சாப்பிடும் நாட்களில் அதற்கும் இந்தக் கேப்ஸ்யூலுக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். முதல் சில நாட்கள் வயிறு உப்பலாம், பெரும்பாலும் அடங்கிவிடும். தூக்கம், பசி, காலையில் எழுந்திருக்க மனம் வந்ததா என்பதைத் தினமும் ஒரு வரி எழுதி வையுங்கள். 8 வாரம் கழித்தும் அந்த வரிகள் மாறவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டிவிட்டுக் கேப்ஸ்யூலை நிறுத்துங்கள். விலை குறைவான பொருளல்ல அது.

அந்தப் பணம் காய்கறிக்குப் போகட்டும். ஆஸ்திரேலியாவில் மனச்சோர்வு உள்ள 67 பேரிடம் நடத்தி 2017-இல் வெளியிட்ட ஆய்வில், 12 வாரம் காய்கறி, பயறு நிறைந்த உணவுக்கு மாறியவர்களில் சுமார் மூன்றில் ஒருவர் நோயின் பிடியிலிருந்து மீண்டார்கள். பேச்சுத்துணை மட்டும் கிடைத்தவர்களில் 8 சதவீதம்தான். நம் சமையலறையில் அதற்கு ஈடாகச் சுண்டல், கீரை, சின்ன வெங்காயம், பூண்டு, வாழைத்தண்டு எல்லாம் இருக்கின்றன. குடல் கிருமிகளுக்கு நார்ச்சத்துதான் சாப்பாடு. புளித்த மாவு என்று இட்லியை நம்ப வேண்டாம், ஆவியில் வெந்ததும் கிருமிகள் செத்துவிடும். தயிரைச் சோறு ஆறிய பிறகு பிசையுங்கள்.

உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் 8 வாரக் கணக்கெல்லாம் கிடையாது. அன்றே மருத்துவமனைக்குப் போங்கள், அல்லது அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ அழையுங்கள். இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.