ஹோம்ல வளர்ற பசங்களுக்கு கம்ப்யூட்டர் சொல்லித்தரப் போறீங்களா, இத படிச்சிட்டுப் போங்க

பெங்களூர்ல அல்சூர் பக்கம் ஒரு ஹோம்ல, அதாவது குழந்தைகள் காப்பகத்துல, சனிக்கிழமை சனிக்கிழமை போய் கம்ப்யூட்டர் சொல்லித்தரேன், நாங்களும் வரலாமா, எதுல ஆரம்பிக்கணும்னு ரெண்டு மூணு பேர் கேட்டாங்க, அதான் மொத்தமா எழுதிடுறேன். ஃபாஸ்டர் கேர்ல வேற குடும்பத்தோட இருக்குற பசங்களுக்கும் இதுல பெரும்பாலும் பொருந்தும்.

திடீர்னு லேப்டாப்ப தூக்கிட்டுப் போய் நிக்காதீங்க. ஹோம்னா சூப்பரின்டென்டன்ட் கிட்ட, ஃபாஸ்டர் குடும்பம்னா மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு யூனிட் கிட்ட முதல்ல பேசி எழுத்துல பர்மிஷன் வாங்குங்க, போலீஸ் வெரிஃபிகேஷன் கேட்டா குடுத்துடுங்க. போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போடவே கூடாது, 2015 ஜுவனைல் ஜஸ்டிஸ் சட்டம் 74வது பிரிவு இந்த பசங்கள அடையாளம் காட்டுற எதையும் வெளியிடக்கூடாதுன்னு சொல்லுது. முகத்த மறைச்சுட்டேன்னு நெனப்பீங்க, யூனிஃபார்ம்லயே ஸ்கூல் தெரிஞ்சிடும்.

மெஷின் புதுசு வேணாம். எஸ்.பி. ரோட்ல பழைய ஆபீஸ் லேப்டாப் கெடைக்கும், 4 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் இருந்தா லினக்ஸ் மின்ட் நல்லாவே ஓடும், லிப்ரே ஆபீஸ் அதுலயே வருது. ஒரு மெஷினுக்கு ரெண்டு பேருக்கு மேல வேணாம், மூணாவது பிள்ளை வேடிக்கைதான் பார்க்கும்.

இப்ப முக்கியமான விஷயம். முதல் மாசம் நான் வழக்கமா எல்லாரும் குடுக்குற மாதிரி ‘என் குடும்பம்’னு நாலு ஸ்லைடு பண்ணச் சொன்னேன், எப்பவும் அக்கா அக்கான்னு பக்கத்துலயே ஒக்கார்ற ஒரு பொண்ணு ஒண்ணும் பேசாம லேப்டாப்ப மூடிட்டு மாடிக்குப் போய்ட்டா, ரெண்டு வாரம் க்ளாஸுக்கே வரல. அது என் தப்பு, இன்னைக்கும் மனசு வலிக்குது. குடும்பம், சொந்த ஊரு, சின்ன வயசு ஞாபகம் இதெல்லாம் தலைப்பா குடுக்காதீங்க. மெட்ரோ பர்ப்பிள் லைன் ஸ்டேஷன் எல்லாம் வரிசையா டைப் பண்ணச் சொல்லுங்க, ஆர்சிபி ஸ்கோர வச்சு டேபிள் போடச் சொல்லுங்க. அப்பா பேரு கட்டாயம்னு சிவப்பு ஸ்டார் போட்ட ஃபாரம் எப்படியும் ஒருநாள் வரும், அத எல்லார் முன்னாடியும் திறக்காம தனியா ஒக்காந்து, என்ன எழுதலாம்னு சூப்பரின்டென்டன்ட் கிட்ட கேட்டு ரொப்புங்க.

டைப்பிங் இங்கிலீஷ்லயே நிறுத்தாதீங்க. பசங்க கன்னட மீடியத்துல படிப்பாங்க, தங்களுக்குள்ள தமிழ் பேசுவாங்க, ரெண்டு கீபோர்டும் போட்டு வைங்க. தன் பேர தமிழ்ல முதல் தடவையா ஸ்க்ரீன்ல பார்த்த ஒரு பையன் அத பெருசாக்கி பெருசாக்கி ஸ்க்ரீன் முழுக்க வச்சான்.

அடுத்தது ஈமெயில். இந்த பசங்க எப்ப வேணா வேற ஹோமுக்கோ சொந்தக்காரங்க வீட்டுக்கோ மாறலாம், அதனால ரிகவரி நம்பரா வார்டன் நம்பரையோ உங்க நம்பரையோ குடுத்தீங்கன்னா அவங்க போன அப்புறம் அந்த ஓடிபி அவங்களுக்கு வரவே வராது, அக்கவுன்ட் போச்சு. ஓடிபிக்கு பதிலா போடுற பேக்கப் கோட் எடுத்து ஒரு நோட்ல எழுதி அவங்க கைலயே குடுங்க. ஐடில ஹோம் பேரு வேணாம். ஆதார்ல எந்த நம்பர் இருக்குன்னு பாருங்க, பல பேருக்கு எப்பவோ செத்துப்போன நம்பர்தான் இருக்கும், அத மாத்தாம டிஜிலாக்கர் திறக்கறது கஷ்டம். 15 வயசுல பயோமெட்ரிக் அப்டேட் எப்படியும் பண்ணணும், அப்பவே இதையும் முடிச்சிடுங்க.

17 வயசு பசங்களுக்கு ஸ்ப்ரெட்ஷீட்ல பட்ஜெட் போடச் சொல்லுங்க. 18 முடிஞ்சதும் ஹோம விட்டு வெளிய வரணும், அதுக்கப்புறம் தர்ற உதவி, ஆஃப்டர் கேர்னு சொல்வாங்க, அது கெடைச்சா மத்திய அரசோட மிஷன் வாத்சல்யா திட்டத்துல மாசம் 4,000 ரூபாய். பிஜி வாடகை, சாப்பாடு, பஸ் பாஸ்னு ஒவ்வொரு செல்லா ரொப்பி கூட்டல் ஃபார்முலா போட்டதும் மைனஸ்ல நிக்கும், அப்ப க்ளாஸே அமைதியாயிடும். அங்க விட்டுடாதீங்க, பார்ட் டைம் சம்பளம்னு ஒரு வரி சேர்த்து அன்னைக்கே ரெஸ்யூமே ஆரம்பிச்சிடுங்க.

ஆன்லைன்ல பாசமா பேசி போட்டோ கேக்குறவன் பாசத்துக்கு ஏங்குற பிள்ளையதான் தேடுவான். என்ன நடந்தாலும் திட்ட மாட்டேன், போன புடுங்க மாட்டேன்னு முன்னாடியே சொல்லி வைங்க, திட்டு விழும்னு பயந்தா கடைசி வரைக்கும் சொல்லவே மாட்டாங்க. குழந்தைகள் ஹெல்ப்லைன் நம்பர் 1098 மனப்பாடமா இருக்கட்டும். உங்க கிட்ட வந்து சொல்லிட்டா உங்களோடயே வச்சுக்காம சூப்பரின்டென்டன்ட் கிட்ட கொண்டு போங்க.

கோர்ஸ் முடிஞ்சதும் எல்லாத்தையும் காப்பி பண்ணித் தரலாம்னு மட்டும் வைக்காதீங்க. போன வருஷம் ஒரு பையன் புதன்கிழமையே வேற ஹோமுக்குப் போய்ட்டான், நான் சனிக்கிழமை போறப்ப அவன் ட்ராயிங் எல்லாம் லேப்டாப்ல இருக்கு, அவன் இல்ல. இப்ப ஒவ்வொரு பிள்ளைக்கும் பேரு எழுதின பென் டிரைவ், க்ளாஸ் முடியறதுக்கு பத்து நிமிஷம் முன்னாடி எல்லாரும் சேவ் பண்ணி கழட்டி பைல போட்ட அப்புறம்தான் லேப்டாப்ப ஆஃப் பண்றோம்.